வரத்துக்காலைக் கேக்கணும்னா முதல்ல நம்ம கொல்லையை அளந்துருங்க

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தங்க கையால எழுதி நீளமா ஒரு கடிதம் அனுப்பியிருக்காங்க. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டேன். மதுரைக்கும் சிவகங்கைக்கும் நடுவுல ஒரு கண்மாய்க்கரை கிராமம்னு மட்டும் வச்சுக்கங்க.

கடிதத்தோட சுருக்கம் இதுதான். வேலை பாத்ததெல்லாம் வெளியூர்ல, வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் அப்பா கட்டுன வீட்டுக்கே திரும்பி வந்துட்டாங்க. அடுப்படிக் கதவைத் திறந்தா கண்மாய். சின்ன வயசுல ஐப்பசி கார்த்திகையில மறுகால் பாயுற சத்தம் திண்ணையில படுத்திருந்தாலே கேக்குமாம், கருவேல மரத்துல நாரையும் கொக்கும் கூடு கட்டுமாம், கோடையில தண்ணி வத்துனதும் ஊரே கச்சாவும் ஊத்தாவும் தூக்கிக்கிட்டு மீன் பிடிக்க இறங்குமாம். இப்ப மூணு வருஷமா கண்மாய் பெருகல. போன மழைக்குப் பக்கத்து ஊரு கண்மாய் நிறைஞ்சு மறுகால் போயிருக்கு, இவங்க கண்மாய்ல முழங்கால் தண்ணிதான். ஏன்னு பாக்க வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற கால்வாய், அது ஓரமாவே நடந்து போயிருக்காங்க. மேல ஒரு பிளாட் போட்ட இடத்துல கால்வாயை மூடி, ரெண்டடி சிமெண்ட் குழாய் ஒண்ணைப் போட்டு, அதுக்கு மேல கிராவல் கொட்டி ரோடாக்கியிருக்காங்க, குழாய் வாயில பாதி மண்ணு.

விஏஓகிட்ட சொன்னா "பாக்கலாம் டீச்சர்"ங்கறார். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்ததுக்கு ரசீது வந்துச்சு, அதோட சரி. சரி கோர்ட்டுக்குப் போறேன்னு சொன்னதும் அண்ணன் வெடிச்சுட்டார். அப்பா 80கள்ல கட்டுன மாட்டுக்கொட்டமும், அப்புறம் இவர் கட்டுன பாத்ரூமும் காம்பவுண்டு சுவரும் கண்மாய்ப் புறம்போக்குலதான் இருக்காம். "நீ கேஸ் போட்டா முதல்ல இடிபடுறது நம்ம வீடுதான், உன்னைக் கட்டிக்குடுத்தாச்சு, இந்த வீட்டப் பத்திப் பேச உனக்கு என்ன பாத்தியதை"ன்னு கேட்டிருக்கார். கண்மாய்க் கரையில 30 வருஷத்துக்கு மேல குடியிருக்கிற சில குடும்பங்க வந்து "எங்களைக் காலி பண்ண வச்சுராதீங்க டீச்சர்"னு கையைப் பிடிச்சிருக்காங்க. வரி ரசீது இருக்கே, 30 வருஷம் ஆயிருச்சே, அது போதாதா? பிளாட்டுக்கு அப்ரூவல் இருக்குங்கறாங்களே, அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா? கிராமசபை தீர்மானம் போட்டா நின்னுருமா? கோர்ட்டுக்குப் போனா எங்க கொட்டத்தப் பத்திச் சொல்லியே ஆகணுமா? இல்ல, பேசாம இருந்துரவா? இதெல்லாம்தான் கேள்விகள்.

டீச்சர், வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிர்றேன். பேசாம இருக்காதீங்க. ஆனா நீங்க ஒரு வழக்கையும் ஒரு வீட்டுச் சண்டையையும் தனித்தனியா வச்சு யோசிக்கிறீங்க, அப்படிப் பிரிக்க முடியாது. கண்மாய்னு அளக்க ஆரம்பிச்சா முழுக் கண்மாயையும்தான் அளப்பாங்க, வரத்துக்காலை மட்டும் அளந்துட்டு உங்க கொல்லையை விட்டுட்டுப் போக எந்த சர்வேயராலயும் முடியாது, முடியவும் கூடாது. அதனால பிளாட்காரரைக் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி உங்க பக்கத்தை நீங்களே சரி பண்ணிருங்க. இந்தக் கடிதத்துல நான் சொல்லப்போறதுல முக்கியமானது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதை எப்படிச் செய்யுறதுங்கறதுதான்.

வரி ரசீதும் 30 வருஷமும்

நிறையப் பேரு நம்புற விஷயம் இது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். வீட்டு வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, இதெல்லாம் நீங்க அங்க குடியிருக்கீங்கங்கறதுக்கு சாட்சி. அந்த மண்ணு உங்களோடதுங்கறதுக்கு சாட்சி இல்ல. ஊராட்சி வரி வாங்குறது கட்டடத்துக்கு, ஈபி காசு வாங்குறது கரண்டுக்கு. இது ரெண்டையும் வச்சு நிலத்துக்கு உரிமை கேட்டா கோர்ட் ஏத்துக்காது.

30 வருஷக் கணக்கு எங்கேருந்து வருதுன்னா, காலவரையறைச் சட்டத்துல 112வது இனம் அரசாங்கம் வழக்குப் போடுறதுக்கு 30 வருஷம் கெடு வச்சிருக்கு. அதைக் கேள்விப்பட்டுத்தான் ஊர்ல "30 வருஷம் ஆண்டாச்சு, இனி யாரும் அசைக்க முடியாது"ன்னு பேசிக்கிறாங்க. சாதாரண அரசு நிலத்துலயே அதை நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம், நீர்நிலையில அது எடுபடவே எடுபடாது. ஏன்னா கண்மாயும் ஆறும் அரசாங்கத்தோட சொத்துகூட இல்ல, மக்களுக்காக அரசாங்கம் பொறுப்பா வச்சுக் காக்க வேண்டிய சொத்துன்னு உச்சநீதிமன்றம் கமல்நாத் வழக்குல சொல்லி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2011ல ஜக்பால் சிங் வழக்குல, பஞ்சாப்ல ஒரு ஊர்க் குளத்தை மண்ணு போட்டு மூடி வீடு கட்டுனவங்க விஷயத்துல இன்னும் தெளிவா சொல்லிட்டாங்க: ரொம்ப நாளா இருக்கோம், ரொம்பச் செலவு பண்ணிக் கட்டியிருக்கோம், அரசியல் செல்வாக்கு இருக்கு, இது எதுவுமே ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்துறதுக்குக் காரணம் ஆகாது.

தமிழ்நாட்டுல புறம்போக்குல குடியிருக்கிறவங்களுக்கு அவ்வப்போது பட்டா குடுக்குறாங்கல்ல, அது ஆட்சேபணை இல்லாத புறம்போக்குக்கு மட்டும். கண்மாய், ஓடை, வாய்க்கால் எல்லாம் ஆட்சேபணைக்குரிய வகையில வருது. "கண்மாய்தான் வத்திப்போச்சே"ன்னு உங்க அண்ணன் சொன்னதா எழுதியிருக்கீங்க. தண்ணி வராததால அது கண்மாய் இல்லன்னு ஆயிராது டீச்சர், வரவிடாம பண்ணுனது யாருங்கறதுதானே இப்ப கேள்வியே.

அதனால கொட்டமும் பாத்ரூமும் நிஜமாவே புறம்போக்குல இருந்தா அதைக் காப்பாத்த எனக்கு எந்த வழியும் தெரியல. வருத்தமாத்தான் இருக்கும், அப்பா கட்டுனது. ஆனா "இருந்தா"ன்னு சொல்றேன், ஏன்னா அது எங்க இருக்குன்னு இன்னும் யாரும் அளக்கல.

அளக்குறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பாருங்க

உங்க கடிதம் முழுக்க "இருக்காம்", "சொல்றாங்க"ன்னுதான் வருது. கொட்டம் புறம்போக்குல இருக்காம், கால்வாய் பிளாட்காரர் பட்டாவுல வருதாம், அப்ரூவல் வாங்கியாச்சாம். ஒரு காகிதம்கூட உங்க கையில இல்ல. முதல் மாசம் முழுக்கக் காகிதத்துக்கே போகட்டும்.

வருவாய்த்துறை இணையதளத்துல உங்க வீட்டு சர்வே நம்பரைப் போட்டு எஃப்எம்பி, அதாவது புலப்படத்தை எடுங்க. ஒரே ஒரு பக்கம்தான், ஆனா அதுல உங்க இடத்தோட ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர்னு கோட்டு மேலயே எழுதியிருக்கும், பக்கத்து சர்வே நம்பர் என்னன்னு வெளிப்பக்கம் இருக்கும். கண்மாயோட நம்பர் உங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் ஒட்டி வருதுன்னு பாத்துக்கங்க, அந்தக் கோடுதான் உங்க கொல்லையோட எல்லை. அதோட அ-பதிவேடு. அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நேரா அது பட்டாவா, அரசு புறம்போக்கா, புறம்போக்குன்னா கண்மாயா வாய்க்காலா பாதையான்னு இருக்கும். கண்மாய்லேருந்து மேல போயி வரத்துக்கால் தாண்டுற ஒவ்வொரு நம்பருக்கும் இந்த ரெண்டையும் எடுங்க. கிராம வரைபடம் ஒண்ணு வாங்கி அது மேல கலர் பென்சில்ல கால்வாயை வரைஞ்சுக்கங்க, நீங்க டீச்சர், உங்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்ல.

இதுல ஒரு சிக்கல் வரலாம். 1979லேருந்து 1987 வரைக்கும் யூடிஆர்னு நில உடைமைப் பதிவை மேம்படுத்துற வேலை நடந்துச்சு, அதுல நிறைய எடத்துல தப்பா எழுதிட்டாங்க, ஓடையைப் பட்டான்னும் பட்டாவை புறம்போக்குன்னும். அதனால இப்ப இருக்கிற அ-பதிவேட்டுல கால்வாய் பட்டான்னு இருந்தா உடனே கையை உதறிராதீங்க. அதுக்கு முந்துன செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலைத் தாலுகா ஆபீஸ்லயோ மாவட்ட ஆவணக் காப்பறையிலயோ கேளுங்க. பழசுல ஓடைன்னு இருந்து யூடிஆர்ல பட்டாவா மாறியிருந்தா, மாவட்ட வருவாய் அலுவலர்கிட்ட மனு குடுத்து அதைத் திருத்தக் கேக்கலாம்.

கண்மாய் யாரு பொறுப்புலங்கறதும் தெரியணும். ஆயக்கட்டு, அதாவது இந்தக் கண்மாய்த் தண்ணியில பாசனமாகுற நிலம், 40 ஹெக்டேரோ (கிட்டத்தட்ட நூறு ஏக்கர்) அதுக்கு மேலயோ இருந்தா நீர்வளத்துறை. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறைக் கண்மாய்னா அவங்ககிட்ட அதுக்குன்னே ஒரு விவரப் பதிவேடு இருக்கும், மெமாயர்னு சொல்வாங்க, கண்மாயோட முழுக் கொள்ளளவு, நிறைஞ்சா தண்ணி எந்த மட்டம் வரைக்கும் நிக்கும், மடை எத்தனை, நிறைஞ்ச தண்ணி வெளியேறுற கழுங்கு எங்க, தண்ணி எங்கிருந்து வருது எல்லாம் அதுல கிடைக்கும். ஆர்டிஐ மனு போட்டு அந்த நகலைக் கேளுங்க, கூடவே அந்த பிளாட்டுக்குத் தடையில்லாச் சான்று குடுத்தாங்களா, குடுத்திருந்தா என்ன நிபந்தனையோடங்கறதையும் கேளுங்க. கட்டணம் 10 ரூபா, 30 நாளைக்குள்ள பதில் வரணும், வரலேன்னா மேல்முறையீடு.

அண்ணன்கிட்ட பேசுறது

"கட்டிக்குடுத்தாச்சு"ங்கறது வெறும் பேச்சு டீச்சர், அது சட்டத்துல இல்ல. அப்பா தன் சம்பாத்தியத்துல வாங்குன இடம், உயில் எழுதாம தவறிட்டார், அம்மாவும் இப்ப இல்ல, பிள்ளைங்க நீங்க ரெண்டு பேருதான்னு எழுதியிருக்கீங்க. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. குடியிருக்கிற வீட்டுல பொண்ணுங்க பாகம் கேக்க முடியாதுன்னு முன்ன ஒரு பிரிவு இருந்துச்சு, 2005ல அதையும் எடுத்துட்டாங்க. இதை அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லிச் சண்டை போடச் சொல்லல. நீங்க அந்த வீட்டுல விருந்தாளி இல்லங்கறது உங்க மனசுல உறுதியா இருக்கணும்னு சொல்றேன், கடிதத்துல அது கொஞ்சம் ஆடுன மாதிரி தெரிஞ்சுது.

அண்ணனோட பயத்துல ஒரு நியாயம் இருக்கு, அவர் இத்தனை வருஷம் அந்த வீட்டைப் பாத்துக்கிட்டவர். "வீடே போயிரும்"ங்கறது அவர் பயம். ஆனா நீங்க எழுதியிருக்கிறதைப் பாத்தா மூல வீடு பட்டாவுல இருக்கு, வெளிய போயிருக்கிறது கொட்டம், பாத்ரூம், சுவர் மட்டும். லைசென்ஸ் உள்ள தனியார் சர்வேயர் ஒருத்தரை வச்சு முதல்ல நீங்களே அளந்து பாத்துருங்க, அண்ணனும் கூட நிக்கட்டும். எல்லை எங்கன்னு கண்ணால பாத்துட்டா அவருக்குப் பாதி பயம் போயிரும். கொட்டம் வெளிய இருந்தா நீங்களே ஆள் வச்சுப் பிரிச்சுருங்க, ஓடும் மரமும் உங்களுக்காவது மிஞ்சும், ஜேசிபி வந்துச்சுன்னா அதுவும் மிஞ்சாது. பிரிக்கிறதுக்கு முன்னாடியும் அப்புறமும் போட்டோ எடுத்து, "எங்க குடும்பத்தோட கட்டடம் இவ்வளவு தூரம் கண்மாய்க்குள்ள இருந்துச்சு, நாங்களே எடுத்துட்டோம், எல்லையில கல்லு நட்டுத் தாங்க"ன்னு தாசில்தாருக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. அந்த ஒரு கடிதம் கையில இருந்தா அதுக்கு மேல ஊர்ல யாரும் உங்களைப் பாத்து விரல் நீட்ட முடியாது.

கோர்ட்டுல கொட்டத்தைச் சொல்லணுமான்னு கேட்டீங்க. சொல்லியே ஆகணும். பொதுநல வழக்குப் போடுறவங்க எதையும் மறைக்காம வரணும்ங்கறது கோர்ட்டு ரொம்பக் கறாரா பாக்குற விஷயம். நீங்க மறைச்சா எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவுலயே உங்க சுவரோட போட்டோவைத் தூக்கிக் காட்டுவார், அதோட வழக்கே கவுந்துரும், கால்வாய் அப்படியே கிடக்கும்.

வரத்துக்கால்

அப்ரூவல் இருந்தா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. மனைப்பிரிவுக்கு அனுமதி குடுக்குறதுன்னா அந்த இடத்தை மனையாப் பிரிக்கலாம்னு அர்த்தம், அதுக்குள்ள ஓடுற அரசுக் கால்வாயை அவருக்கு எழுதிக் குடுத்ததா அர்த்தம் இல்ல. அப்ரூவல் வரைபடத்தோட நகலை வாங்கிப் பாருங்க. அதுல கால்வாயை எந்த அகலத்துல காட்டியிருக்காங்க, எந்தப் பாலம் போடுறதா சொல்லியிருக்காங்கன்னு பாத்தா, தரையில இருக்கிற ரெண்டடிக் குழாய் அனுமதிக்கே விரோதம்னு தெரிய வரலாம். அப்படி இருந்தா அது உங்களுக்கு ரொம்ப பலமான ஆதாரம்.

கால்வாய் புறம்போக்குன்னா வழி நேரானது. நீர்வளத்துறைக் கண்மாய்க்கு 2007ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கு, மத்த புறம்போக்குக்கு 1905ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். 2007 சட்டத்துல வராத நீர்நிலையையும் விட்டுற முடியாதுன்னு சென்னை உயர்நீதிமன்றத்தோட முழு அமர்வு 2015ல சொல்லிருச்சு, அதனால "இது ஒன்றியத்துக் கண்மாய், எங்க கையில ஒண்ணும் இல்ல"ன்னு யாராவது தட்டிக்கழிச்சா ஏத்துக்காதீங்க. கால்வாய் பட்டா நிலத்து வழியா ஓடுதுன்னாலும் மூடிற முடியாது, தலைமுறையா ஓடுற தண்ணிக்கு 1882ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, ஆனா அது சிவில் கோர்ட்டு வழி, ஆயக்கட்டுக்காரங்க சேர்ந்து போடணும், கொஞ்சம் இழுக்கும்.

சீக்கிரமா ஏதாவது நடக்கணும்னா ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட போங்க. பொதுமக்கள் பயன்படுத்துற கால்வாய்ல தடை போட்டா அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு நிர்வாக நடுவர்ங்கற முறையில அதிகாரம் இருக்கு. முன்ன குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133வது பிரிவு, 2024 ஜூலையிலேருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற புதுச் சட்டத்துல 152வது பிரிவு. பெரும்பாலான மனுக்கள்ல இந்தப் பிரிவையே யாரும் எழுதுறதில்ல, "ஆவன செய்யுமாறு"ன்னு முடிச்சுர்றாங்க. நீங்க பிரிவைக் குறிப்பிட்டு, குழாய் போட்டோ, எஃப்எம்பி, அ-பதிவேட்டு நகல் எல்லாம் இணைச்சுக் குடுங்க.

இன்னொண்ணு, பிளாட் வாங்குனவங்களை எதிரியா நினைச்சிருக்கீங்க. அவங்க யாரு பாருங்க, நகையை அடகு வச்சு, லோன் போட்டு ரெண்டு சென்ட், மூணு சென்ட் வாங்குனவங்க. வரத்துக்காலை மூடுனா கண்மாய்க்குத் தண்ணி போகாதுங்கறது ஒரு பக்கம், பெருமழை அடிச்சா அந்தத் தண்ணி எங்க போகும்? அவங்க வீட்டுக்குள்ளதான். 2015 டிசம்பர்ல சென்னையில ஏரியும் கால்வாயும் இருந்த எடத்துல வீடு வாங்குனவங்க பட்டதைத் தமிழ்நாடே டிவியில பாத்துச்சு. அவங்கள்ல நாலு பேருகிட்ட உக்காந்து அந்த வரைபடத்தைக் காட்டுங்க. குழாயை எடுத்துட்டு முழு அகலத்துல பாலம் கட்டுனா அவங்க ரோடும் போகாது, உங்க தண்ணியும் வரும். அந்தச் செலவு பிளாட் போட்டவரோடது, அதைக் கேக்க ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போற உரிமை வாங்குனவங்களுக்கு உண்டு. அதனால அவங்க உங்க கூட நிக்குறது ரொம்ப முக்கியம்.

கரையில குடியிருக்கிறவங்க

உங்க கடிதத்துல என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது இந்த இடம்தான். அவங்ககிட்ட பொய்யா தைரியம் சொல்லாதீங்க. கண்மாயை அளந்தா அவங்க வீடும் கணக்குல வரும், அதை இப்பவே நேர்மையா சொல்லிருங்க, அப்புறமா தெரிஞ்சா துரோகம் பண்ணிட்டீங்கன்னு நினைப்பாங்க. அதோட அவங்களுக்கு என்ன இருக்குங்கறதையும் சொல்லுங்க. ராத்திரியோட ராத்திரியா வந்து இடிக்க முடியாது. நோட்டீஸ் குடுக்கணும், அவங்க ஆட்சேபணையைக் கேக்கணும், அதுக்கு அப்புறம்தான் எடுக்கணும்னு 2007 சட்டத்தைப் பத்தின வழக்குல உயர்நீதிமன்றமே 2010ல சொல்லியிருக்கு. அரசாங்கமே ஏதாவது திட்டத்துல ஒப்படைப் பட்டாவோ குத்தகையோ குடுத்திருந்தா அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்க, அவங்க நிலைமை வேற.

இடம் இல்லாத குடும்பங்களுக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு இப்பவே, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே, எல்லாரும் சேர்ந்து மனுக் குடுக்கட்டும். மாற்று இடம் குடுத்துட்டு எடுங்கன்னு நீங்களும் அதே மனுவுல கையெழுத்துப் போடுங்க. கண்மாய் வேணும்னு கேக்குற அதே ஆளு இவங்களுக்கு இடமும் கேக்குறாங்கன்னு ஊருக்குத் தெரியட்டும். இதுல நான் ஒரு பக்கமாத்தான் பேசுறேன்: கரையோரம் குடிசை போட்டவங்களை முதல்ல எடுத்துட்டு, கால்வாயை மூடி மனை வித்தவரைக் கடைசியா பாக்குற வழக்கம் நம்ம நிர்வாகத்துல இருக்கு, அதுக்கு உங்க மனு கருவியா ஆயிரக்கூடாது. அதனாலதான் மனுவுல முதல் கோரிக்கை வரத்துக்கால், முதல் படம் அந்தக் குழாய்னு இருக்கணும்.

கிராமசபை, அப்புறம் கோர்ட்டு

கிராமசபைத் தீர்மானம் போட்டா அடுத்த நாளே ஜேசிபி வந்துரும்னு நினைச்சா ஏமாந்துருவீங்க, அது காலி பண்ணச் சொல்ற உத்தரவு இல்ல. ஆனா வெறும் காகிதமும் இல்ல. உங்க மாவட்டத்துக்குப் பக்கத்துலயே பாருங்க, அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு, கண்மாயும் சுனையும் குன்றும் நிறைஞ்ச ஊரு. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியில டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சிருச்சுன்னு செய்தி வந்தப்ப சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கிராமசபையில தீர்மானம் போட்டாங்க, ரோட்டுல இறங்குனாங்க, மேலூர்லேருந்து மதுரைக்கு நடந்தே போனாங்க. டிசம்பர்ல சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு, 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிருச்சு. தீர்மானம் தனியா நின்னு அதைச் செய்யல, ஆனா "ஊரு என்ன சொல்லுது"ன்னு எவன் கேட்டாலும் நீட்டுறதுக்கு எழுத்துல ஒண்ணு இருந்துச்சு.

உங்க ஊராட்சிக்குத் தலைவர் இல்ல, தனி அலுவலர்தான்னு எழுதியிருக்கீங்க. பரவால்ல, கிராமசபை அப்பவும் கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், இதைப் பேசுறதுக்கே ஏத்த நாள். தீர்மானத்துல "கண்மாயைக் காப்பாத்தணும்"னு பொதுவா எழுத விடாதீங்க. சர்வே நம்பர் போட்டு, கால்வாய் பேரு போட்டு, அளந்து கல்லு நடணும், குழாயை எடுத்துட்டு முழு அகலப் பாலம் போடணும், கரையில இருக்கிறவங்களுக்கு மாற்று மனை குடுக்கணும்னு மூணையும் ஒரே தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறிருச்சான்னு பாத்து அப்பவே கையெழுத்துப் போடுங்க, வெள்ளைத்தாள்ல வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கிறோம்னா ஒத்துக்காதீங்க.

உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளையில ரிட் போடுறது கடைசிப் படி. அதுக்கும் தயங்க வேண்டாம், ஆனா ஜட்ஜ் முதல்ல கேக்குறது "அதிகாரிக்கு மனுக் குடுத்தீங்களா, எப்ப குடுத்தீங்க, என்ன ஆதாரம் வச்சீங்க"ன்னுதான். நீங்க கலெக்டர் ஆபீஸ்ல குடுத்த மனுவுல சர்வே நம்பரே இல்லன்னு நினைக்கிறேன், "எங்க ஊர்க் கண்மாய்"னு மட்டும் இருக்கு. மேல சொன்ன காகிதங்களோட தாசில்தார், ஆர்டிஓ, நீர்வளத்துறை உதவிச் செயற்பொறியாளர் மூணு பேருக்கும் புது மனு பதிவுத் தபால்ல போகட்டும். ரெண்டு மாசம் பாத்துட்டு அசைவு இல்லன்னா ரிட். அந்த நிலைமையில பெரும்பாலும் இத்தனை வாரத்துல அளந்து நடவடிக்கை எடுன்னு உத்தரவு வரும், அதை நிறைவேத்தலன்னா அவமதிப்பு மனு. பசுமைத் தீர்ப்பாயம்னும் ஒரு வழி உண்டு, ஆனா தகராறைத் தீர்க்கக் கேக்குற மனுவுக்கு பிரச்சினை தொடங்கி ஆறு மாசம்தான் கெடு, உங்க விஷயத்துல குழாய் போட்டு மூணு வருஷம் ஆயிருச்சு; பாழானதைப் பழையபடி சீராக்கக் கேக்குறதுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் கெடு இருக்கு, ஆனாலும் முதல்ல ரிட் வழியையே பாருங்க.

பிளாட்காரரோட ஆளுங்க ரெண்டு பேரு வீட்டுக்கு வந்து "உங்க வயசுக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்"னு பேசிட்டுப் போனதா எழுதியிருக்கீங்க. மிரட்டல்னு நீங்க எழுதல, ஆனா அது மிரட்டல்தான். இனிமே எந்த மனுவையும் தனியா குடுக்காதீங்க. ஆயக்கட்டு விவசாயிங்க, பாசனதாரர் சங்கம் இருந்தா அவங்க, பிளாட் வாங்குனவங்க, கரையில இருக்கிறவங்க, அண்ணன் ஒத்துக்கிட்டா அண்ணன், எத்தனை பேர் முடியுதோ அத்தனை பேர் கையெழுத்து. கால்வாயைப் பாக்கப் போனாலும் துணைக்கு ஆளோட போங்க. மறுபடி வீட்டுக்கு வந்தா தேதி, நேரம், என்ன பேசுனாங்கன்னு எழுதி வச்சுக்கிட்டு ஸ்டேஷன்ல மனுக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிருங்க.

எஃப்எம்பியும் அ-பதிவேடும் கைக்கு வந்ததும் கால்வாய் தாண்டுற நம்பர்களை மட்டும் ஒரு தாள்ல வரிசையா எழுதி எனக்கு அனுப்புங்க. அதுல எது புறம்போக்கு, எது பட்டான்னு பாத்துட்டு, ஆர்டிஓ மனுவா சிவில் வழக்கான்னு அடுத்த கடிதத்துல சொல்றேன். அதுக்குள்ள சர்வேயரை வரச் சொல்லிருங்க, அண்ணன் வீட்டுல இருக்கிற நாளாப் பாத்து.